பினாங்குச் சுவர்களும் நம் தகரப் பெட்டியும்

"கல்லையும் செவுத்தையும் பாக்கவா தம்பி காசு குடுத்துப் போறது? பினாங்குக்குப் போனா தண்ணிமலைக்குப் போவோம், இல்லாட்டி பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். அங்க வேற என்னா இருக்கு நமக்கு?"

கிளைக் கூட்டத்தில் ஒரு பாட்டி இப்படிக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பாட்டி சொன்னதில் தப்பொன்றும் இல்லை. தென் கெடாவிலும் செபராங் பிறையிலும் உள்ள நம் தோட்டங்களுக்குப் பினாங்குத் தீவு கூப்பிடு தூரம்தான். இருந்தும் நம் சனங்களுக்குத் தெரிந்த பினாங்குக்கு மூன்றே வழி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை, நோய்நொடிக்கு ஆஸ்பத்திரி, தீபாவளிக்குச் சேலை வேட்டி எடுக்க லிட்டில் இந்தியா. வெள்ளைக்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் விமானம் ஏறி வந்து அந்த ஊரின் பழைய தெருக்களை நாள் கணக்கில் சுற்றிப் பார்க்கிறார்கள். நாம் துணிக்கடைப் பையோடு அதே தெருவைத் தாண்டிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிறோம்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அந்தப் பாட்டியின் பேத்திதான். ஆறாம் ஆண்டு படிக்கிற பிள்ளை. குடும்ப வரலாறு எழுதி வரும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். "நம்ம கொள்ளுத்தாத்தா எந்த வருசம் வந்தாரு? எந்தக் கப்பல்ல வந்தாரு?" என்று வீட்டில் கேட்டிருக்கிறாள். "கங்காணி கூட்டியாந்தாரு" என்பதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகு நம்மிடம் வந்து கேட்டாள். இருபது வருஷமாகச் சங்க வேலையில் அலைகிறோம். சம்பள ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில் கூடச் சொல்லிவிடுவோம். இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. சரி, கப்பல் வந்து நின்ற ஊரையாவது பிள்ளைகளுக்குக் காட்டுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை 38 பேராகக் கிளம்பினோம். "வேற என்னா இருக்கு" என்று கேட்ட பாட்டிதான் முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

பட்டர்வொர்த்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு பெர்ரியில் போனோம். 1985இல் பாலம் திறந்த பிறகு பஸ்ஸிலேயே தீவுக்குப் போய்விடலாம். ஆனால் கப்பலில் வந்தவர்களின் ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வழியாகத்தான் போகவேண்டும் என்று நாம் பிடிவாதமாக இருந்தோம். 1894இல் தொடங்கிய படகுச் சேவை இது. முன்பு கார்களையும் சுமந்து போன அந்தப் பெரிய பெர்ரிகள் இப்போது இல்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும் ஏறுகிற புதிய படகுகள் ஓடுகின்றன. கால் மணி நேரத்துக்குள் அக்கரை.

படகில் நின்றபடி பிள்ளைகளுக்குத் தெரிந்ததைச் சொன்னோம். முதலில் வந்தவர்கள் சஞ்சிக்கூலிகள். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, வாங்கிய கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு அசைய முடியாதவர்கள். அந்த முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. பிறகு கங்காணிகள் ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கூட்டி வந்தார்கள். 1907இல் ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி, அதிலிருந்து கப்பல் செலவைக் கொடுத்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் இந்த ஆள் அனுப்பும் முறையையும் நிறுத்திவிட்டது. ரஜூலா என்று பெரியவர்கள் சொல்லுவார்களே, அந்தக் கப்பல் 1926இல் கட்டப்பட்டது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது.

"கப்பல்லேருந்து எறங்குனதும் நேரா தோட்டத்துக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். அதுதான் இல்லை. தெற்கே, பாலத்துக்குப் பக்கத்தில் ஜெரஜாக் என்றொரு தீவு இருக்கிறது. அம்மை, வாந்திபேதி ஊருக்குள் வந்துவிடக் கூடாது என்று கப்பல் சனங்களை அங்கே இறக்கி, நாள் கணக்கில் வைத்திருந்த பிறகுதான் விடுவார்கள். அந்தத் தீவில் தொழுநோயாளிகளையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1969 முதல் 1993 வரை அது சிறைச்சாலையாகவும் இருந்தது. பாட்டி அந்தத் திசையைப் பார்த்தபடி, "எங்கப்பா சொல்லும். உடுத்தியிருந்த துணியெல்லாம் வாங்கி ஆவியில போட்டாங்களாம். நான் கதைன்னு நெனச்சேன்" என்றார்.

கரை இறங்கி முதலில் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போனோம். பிரான்சிஸ் லைட் 1786இல் இந்தத் தீவில் இறங்கிய இடம். முதலில் நட்டது மரக்கம்புக் கோட்டை. 1804 வாக்கில் அதைச் செங்கல்லால் கட்டி எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். கொஞ்ச தூரத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818இல் முடிந்தது. அதற்கும் மண்ணும் கல்லும் சுமந்தவர்கள் இந்தியக் கைதிகள்தான். சஞ்சிக்கூலிக்கும் முன்னால் சங்கிலிக்கூலி. நம்மோடு வந்திருந்த ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர் கோட்டைச் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "பூச்சு நல்லா புடிச்சிருக்கு" என்றார். நாற்பது வருஷம் மற்றவர்களின் வேலையில் குறை கண்டுபிடித்தவர் வாயிலிருந்து வந்த நற்சான்றிதழ் அது.

கோட்டைக்குள் செரி ரம்பாய் என்ற பீரங்கி இருக்கிறது. டச்சுக்காரர்கள் வார்த்தது, 1603 என்று அதன் மேலேயே வருஷம் பொறித்திருக்கிறது. பிள்ளை இல்லாத பெண்கள் அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொண்டால் பிள்ளை பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. நம் பெண்கள் கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரே சிரிப்பு. ஆனால் கல்யாணமாகி ஆறு வருஷமான ஒரு தங்கச்சி கடைசியாகத் தங்கி வந்ததையும், தலையில் இருந்த மல்லிகைச் சரம் குறைந்திருந்ததையும் நாம் பார்த்தோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அங்கிருந்து பிட் ஸ்திரீட். இப்போது மஸ்ஜித் கப்பித்தான் கிலிங் சாலை. தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், நம்முடைய மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல் நான்கும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. பள்ளிவாசல் 1801. அதைக் கட்டியவர் காதர் மொகிதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர். தோட்டத்தில் பிறந்த நாம், தமிழன் இந்த நாட்டுக்கு வந்ததே ரப்பர் நடத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரப்பருக்கு நூறு வருஷத்துக்கு முன்பே, லைட் 1794இல் எழுதி அனுப்பிய கணக்கில், தீவில் இருந்த சூலியாக்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து வேலை செய்து போகிறார்கள் என்று இருக்கிறது. வியாபாரிகள், படகோட்டிகள், சுமை தூக்கிகள். சூலியா ஸ்திரீட் என்ற பெயர் அவர்களால் வந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது அந்தப் பெயர்ப் பலகையின் கீழ் எத்தனை தடவை நின்றிருப்போம்!

பகல் சாப்பாட்டுக்கு முன் ஆர்மீனியன் ஸ்திரீட் போனோம். பிள்ளைகள் காலையிலிருந்து காத்திருந்தது இதற்காகத்தான். சுவரில் அக்காளும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள் சைக்கிளில் போகிற மாதிரி ஓர் ஓவியம். பிள்ளைகளைத்தான் வரைந்திருக்கிறார்கள், சைக்கிள் நிஜச் சைக்கிள். சுவரோடு சேர்த்துப் பதித்திருக்கிறார்கள். 2012இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக எர்னெஸ்ட் ஸகரேவிச் என்ற லித்துவேனியா நாட்டு இளைஞர் வரைந்தது. அதன் முன்னால் படம் எடுக்க வெயிலில் வரிசை. நம் பிள்ளைகளும் வரிசையில் நின்று, பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்கிற மாதிரி படம் எடுத்துக்கொண்டார்கள். லிட்டில் இந்தியா பக்கம் ஒரு சந்துச் சுவரில் படகில் உட்கார்ந்திருக்கும் இந்தியப் படகோட்டியை ஜூலியா வோல்ச்கோவா என்ற ரஷ்யப் பெண் வரைந்திருக்கிறார். அதன் முன்னால் நம் தண்டல் வெகுநேரம் நின்றார். "மூஞ்சி நம்ம மூஞ்சியாத்தான் இருக்கு. நரம்பு ஓடுது பாருங்க கையில. எங்கேயோ இருக்கிற ரஷ்யாக்காரிக்கு இது கண்ணுல பட்டிருக்கு" என்றார்.

நமக்கும் அந்த ஓவியங்கள் பிடித்திருந்தன. ஆனால் சங்கக்காரனின் கண் சும்மா இருக்குமா? அந்தத் தெருக்களில் வீடுகள் இருக்கின்றன, குடியிருப்பவர்களைக் காணோம். காப்பிக்கடை, தங்கும் விடுதி, நினைவுப் பொருள் கடை, மறுபடியும் காப்பிக்கடை. தேநீர் குடிக்க ஒதுங்கிய இடத்தில் ஒரு பெரியவரிடம் விசாரித்தோம். அவர் சொன்ன கதை நமக்குப் புதிதல்ல. இந்தக் கடைவீடுகளுக்கெல்லாம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. சொற்ப வாடகையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். அந்தச் சட்டம் 1997இல் ரத்து செய்யப்பட்டு, 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு பாதுகாப்பு போய்விட்டது. வாடகை ஏறியது. தச்சர், தையற்காரர், கூடை முடைபவர், பழைய குடும்பங்கள் பலரும் பெட்டி படுக்கையோடு அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறின. கட்டடத்துக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அதற்குள் வாழ்ந்தவர்களில் பலர் அதற்கு முன்பே வெளியே போயிருந்தார்கள்.

தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த நம் ஆட்களில் ஒருவர், "அவங்க செவுத்துக்காவது ஒரு சட்டம் இருக்கு. நம்ம லயத்துச் செவுத்த புல்டோசர் வெச்சு ஒரு நாள்ல தள்ளிட்டானே" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதே ஆர்மீனியன் ஸ்திரீட்டில் 120ஆம் எண் வீடு. சாதாரணக் கடைவீடுதான். அகலம் கம்மி, உள்ளே நீளம். சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென்னின் இயக்கத்துக்கு 1910இல் இங்கே அலுவலகம் இருந்தது. அந்த வருஷக் கடைசியில் இந்த வீட்டிலிருந்து ஆரம்பித்த குவோங் வா என்ற சீனப் பத்திரிகை இன்றும் வருகிறது. வீட்டை இடிக்காமல், மினுக்காமல் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நம் பெண்களுக்குப் புரட்சியைவிட அடுக்களைதான் பிடித்தது. பழைய அடுப்பு, பழைய பாத்திரங்கள். "இந்தச் சட்டியெல்லாம் காட்சிக்கு வெப்பாங்களா? எங்க வீட்டுல இதவிடப் பழசு இருந்துச்சே, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன்" என்று ஓர் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியாகப் பார்த்தது ஹின் பஸ் டிப்போ. 1947இல் கட்டிய பஸ் கொட்டகை. பஸ் கம்பெனி போய், கூரை விழுந்து, புல் முளைத்துக் கிடந்தது. 2014இல் அதே ஸகரேவிச்சின் ஓவியக் கண்காட்சியோடு அதைக் கலைக்கூடமாகத் திறந்தார்கள். சுற்றுச்சுவர் பூராவும் ஓவியம், நடுவில் புல்தரை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. உள்ளே மாட்டியிருந்த சில நவீன ஓவியங்கள் நமக்கு விளங்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறோம். "இது தலைகீழா மாட்டியிருக்கா?" என்று பாட்டி கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஆனால் பஸ் பழுது பார்த்த இடம் கலைக்கூடமாகும் என்பது விளங்கியது. நம் தோட்டத்துப் புகைக்கூடம் நினைவுக்கு வந்தது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் அந்த உயரமான கட்டடம், அந்த வாசனை, இருண்ட மரச் சட்டங்கள். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் சும்மா கிடந்தது. பிறகு பலகைகளைக் கழற்றி விற்றுவிட்டார்கள். ஒரு போட்டோ கூட யாரும் எடுத்து வைக்கவில்லை.

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவர்களைச் சொல்லும் முன் நம் முதுகைப் பார்க்க வேண்டுமல்லவா? 2009இல் கிளை அலுவலகத்தை மாற்றினோம். மூலையில் ஒரு பெட்டி நிறையப் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்கள். கறையான் பாதி தின்றிருந்தது. நாமே வெளியே இழுத்துப் போட்டுக் கொளுத்தினோம். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவான காலத்துக்குப் பிந்திய கையெழுத்துகள் அதில் இருந்தன. யார் எதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள், எந்தக் குடும்பத்துக்கு ரேஷன் வெட்டினார்கள், யார் எத்தனை வெள்ளி நிதி கொடுத்தார்கள், எல்லாம் அதில் இருந்தது. பாதி நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு அது குப்பை என்று தோன்றியது. புகை அடங்கும் வரை பக்கத்தில் நின்று தேநீர் குடித்தோம்.

இதனால் வயிறும் பாதிக்கும். அப்பாவின் பழைய காகிதம் ஒன்று இல்லாததால் குடியுரிமை மனு வருஷக் கணக்கில் இழுபறியாகக் கிடக்கும் தம்பி ஒருவரை நமக்குத் தெரியும். பிறந்தது இங்கே, பள்ளி போனது இங்கே, வேலை செய்வது இங்கே. தாத்தா வேலை செய்த தோட்டத்தின் பதிவுப் புத்தகம் கிடைத்தால் உதவும் என்று தேடினோம். தோட்டம் மூன்று கை மாறிவிட்டது, புத்தகம் எங்கே போனதோ. பழைய காகிதம் சிலருக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற பொருள். நம்மவருக்கு அது அடையாளக் கார்டின் நிறம்.

திரும்பும் படகில் பாட்டி மெதுவாக, "எங்கப்பா தகரப் பெட்டி ஒண்ணு கட்டிலுக்கடியில கெடக்கு தம்பி. பூட்டுச் சாவி இல்ல" என்றார்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூடத்தில் வைத்துப் பூட்டை உடைத்தோம். மேலே ஒரு பழைய வேட்டி. அதற்குக் கீழே சிவப்பு அடையாளக் கார்டு. சாகும்வரை அவர் குடியுரிமை இல்லாதவராகத்தான் இருந்திருக்கிறார். 1960இல் துன் சம்பந்தன் ஆரம்பித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்து வெள்ளி கட்டிய ரசீது. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கிய சங்கம் அது. 1961இல் முதலில் வாங்கியது இங்கே கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம். குடியுரிமை இல்லாத மனிதர் மண்ணில் பங்கு வாங்கியிருக்கிறார்! அடியில் நான்காக மடித்த ஒரு சீட்டு. ஒரு தோட்டத்தை விட்டு விலகியபோது கிராணி எழுதிக் கொடுத்தது. பெயர், தகப்பன் பெயர், வேலை பார்த்த காலம். 1937 என்று வருஷம் தெளிவாக இருந்தது. கப்பல் பெயர் இல்லை. பேத்தி ஒன்றும் பேசாமல் தன் நோட்டுப் புத்தகத்தில் 1937 என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

ஆகவே தோழர்களே, இந்த வாரம் உங்கள் கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் பாருங்கள். பிறப்புப் பத்திரம், பழைய அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, கூட்டுறவு ரசீது, பள்ளிக்கூடப் படம், கோயில் திருவிழா நோட்டீஸ் எதையும் போடாதீர்கள். பழைய காகிதத்துக்குப் பிளாஸ்டிக் ஒட்டாதீர்கள். ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது. வெயிலில் அல்ல, நிழலில் உலர்த்துங்கள். போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் லேசாக, யார் யார் நிற்கிறார்கள் என்று பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள். அசலை வீட்டில் வைத்துக்கொண்டு நகல் ஒன்றைக் கிளையில் கொடுங்கள். கோலாலம்பூரில் 1957இல் தொடங்கிய தேசியச் சுவடிக்காப்பகம் இருக்கிறது. நம் கிளைகளின் பழைய ஆவணங்களைப் பற்றி அவர்களிடம் பேசலாம் என்று இருக்கிறோம். உளியும் மங்கும் காண்டாவும் இருந்தால் அவற்றையும் பழைய இரும்புக்காரனிடம் போட வேண்டாம். உளிக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள், துரு ஏறாது.

பினாங்கு போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் வெயில் தாங்காது. வயதானவர்களுக்குக் குடையும் தண்ணீரும் அவசியம். முழுவதும் நடைதான், புதுச் செருப்பு போடாதீர்கள், நாம் போட்டுப் பட்ட பாடு போதும்.

அடுத்து பூஜாங் பள்ளத்தாக்குக்கு ஒரு பயணம். மெர்போக்கில் உள்ள அருங்காட்சியகத்தையும் பழைய கற்கோயில் அடித்தளங்களையும் பார்க்க எண்ணியிருக்கிறோம். பேர் கொடுக்க விரும்புவோர் உங்கள் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். பாட்டியின் பெயர் முதலில் எழுதியாகிவிட்டது.